ஒரு அக்கவுண்ட்ல போட்ட சாஃப்ட்வேர் இன்னொரு அக்கவுண்ட்ல வர மாட்டேங்குது, ரெண்டு தடவை இன்ஸ்டால் பண்ணித்தான் ஆகணுமா?

தும்பி

எல்லாருக்கும் வணக்கம். வீட்ல ஒரே ஒரு லேப்டாப், வின்டோஸ் 11, 256 ஜிபி எஸ்எஸ்டி, அதுல காலியா இருக்கறதே 30 ஜிபிக்குள்ளதான். இத்தனை நாளா நான் மட்டும் யூஸ் பண்ணிட்டு இருந்தேன், இப்ப தங்கச்சிக்கும் படிக்க தேவைப்படுதுன்னு போன வாரம் அவளுக்கு தனியா ஒரு அக்கவுண்ட் போட்டுக் குடுத்தேன். அட்மின் இல்ல, ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட்தான்.

அவ உள்ள போய் பாத்தா லிப்ரே ஆபிஸ் இருக்கு, குரோம் இருக்கு, விஎல்சி இருக்கு. ஆனா அவளுக்கு முக்கியமா வேண்டிய விஎஸ் கோட் (ப்ரோகிராம் எழுதற சாஃப்ட்வேர்) இல்ல, கிளாஸ் அட்டெண்ட் பண்ற மீட்டிங் ஆப்பும் இல்ல. எல்லாமே என் அக்கவுண்ட்ல இருந்து நானே போட்டதுதான், அப்புறம் ஏன் பாதி வருது பாதி வரலன்னு புரியல.

நான் பண்ணிப் பாத்தது: என் டெஸ்க்டாப்ல இருந்த ஷார்ட்கட்டை பப்ளிக் டெஸ்க்டாப்ல காப்பி பண்ணேன், அவ அக்கவுண்ட்ல ஐகான் வந்துச்சு, கிளிக் பண்ணா பர்மிஷன் இல்லன்னு சொல்லுது. அடுத்து அவ அக்கவுண்ட்லயே விஎஸ் கோட் செட்டப் ஃபைலை டவுன்லோட் பண்ணி, ரைட் கிளிக், ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர், என் பாஸ்வேர்ட் எல்லாம் குடுத்தேன். நடுவுல ஏதோ ஒரு எச்சரிக்கை பெட்டி வந்துச்சு, ஓகே குடுத்தேன், ஃபினிஷ் வரைக்கும் ஒழுங்கா போச்சு. ஆனா அவ ஸ்டார்ட் மெனுல தேடினா ஒண்ணுமே இல்ல!

இன்னொண்ணு, நான் போட்டு வச்சிருக்கற தமிழ் ஃபான்ட்டும் அவ அக்கவுண்ட்ல காணோம், தமிழ்99 கீபோர்டும் இல்ல. அப்பா என்னடான்னா "எதுக்கு இந்த வம்பு, எல்லாரும் ஒரே அக்கவுண்ட்லயே இருங்க"ங்கறார். எனக்கு அதுல மனசில்ல, என் வேலை ஃபைல் எல்லாம் அதுலதான் இருக்கு. யாராவது வழி சொல்லுங்க.

வெயில்காலம்

ரொம்ப யோசிக்காதீங்க ப்ரோ, தங்கச்சி அக்கவுண்ட்டையும் அட்மினா மாத்திடுங்க, எல்லாம் தன்னால வந்துடும்.

ஆந்தைக்கண்

தும்பி, தயவுசெஞ்சு அட்மின் குடுத்துடாதீங்க. வெயில்காலம் நல்ல எண்ணத்துலதான் சொல்றார், ஆனா அட்மின் குடுத்தாலும் இது தீராது, ஏன்னா இது பர்மிஷன் பிரச்சனையே இல்ல, சாஃப்ட்வேர் எந்த இடத்துல போய் உக்காந்திருக்குங்கறதுதான் பிரச்சனை. அட்மின் ஆக்கினா அவ ஸ்டார்ட் மெனுல புதுசா ஒரு ஐகான் கூட வராது, அதுக்கு பதிலா உங்க ஃபோல்டருக்குள்ள அவ நுழையலாம், அவ தெரியாம கிளிக் பண்ற எதுவும் ஒரு "எஸ்" (Yes) குடுத்தா மொத்த மெஷினையும் தொடலாம். வேண்டாத வேலை.

விஷயம் இதுதான். வின்டோஸ்ல ஒரு சாஃப்ட்வேர் ரெண்டு விதமா இறங்கும். ஒண்ணு சி டிரைவ்ல ப்ரோகிராம் ஃபைல்ஸ்ங்கற ஃபோல்டர்ல, அது எல்லாருக்கும் பொது, அதோட ஸ்டார்ட் மெனு ஷார்ட்கட்டும் ப்ரோகிராம் டேட்டாங்கற பொது ஃபோல்டர்ல விழும், அதனால எந்த அக்கவுண்ட்ல போனாலும் தெரியும். உங்க லிப்ரே ஆபிஸ், குரோம், விஎல்சி எல்லாம் இப்படி இறங்கினது. இன்னொண்ணு யூசர்ஸ் ஃபோல்டருக்குள்ள உங்க பேர்ல இருக்கற ஃபோல்டர், அதுக்குள்ள மறைஞ்சிருக்கற ஆப்டேட்டா, அதுக்குள்ள லோக்கல். அங்க இறங்கினா அது உங்களோடது மட்டும்தான், அட்மின் இல்லாத அடுத்தவங்க அக்கவுண்ட்ல இருந்து அந்த ஃபோல்டரை திறக்கவே முடியாது. நீங்க ஷார்ட்கட்டை காப்பி பண்ணப்ப பர்மிஷன் இல்லன்னு சொன்னது அதனாலதான், பூட்டின வீட்டுக்கு வழி மட்டும் சொல்லி அனுப்பின மாதிரி.

ஏன் இப்படி ரெண்டாவது விதத்துல குடுக்கறாங்கன்னா, ஆப்டேட்டால எழுத அட்மின் பாஸ்வேர்ட் தேவையில்ல. பாஸ்வேர்ட் தெரியாதவங்களும் இன்ஸ்டால் பண்ணிக்கலாம், அப்டேட்டும் யாரையும் கேக்காம பின்னாடி நடந்துடும். தனியாள் கம்ப்யூட்டருக்கு இது நல்லதுதான். வீட்ல மூணு பேர் பகிர்ந்துக்கற மெஷின்லதான் இடிக்குது.

இப்ப நீங்க பண்ணின ரெண்டாவது காரியத்துக்கு வரேன், இதுல நிறைய பேர் மாட்டிக்கறாங்க, அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன். அவ அக்கவுண்ட்ல இருந்து ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் குடுத்து உங்க பாஸ்வேர்டைப் போட்டீங்க இல்லையா, அந்த நிமிஷத்துல இருந்து அந்த செட்டப் ஓடறது அவ பேர்ல இல்ல, உங்க பேர்ல. திரையில தெரியறது அவ டெஸ்க்டாப், ஆனா செட்டப்போட கணக்குல நீங்கதான் யூசர். அதனால "இந்த யூசரோட ஆப்டேட்டால போடு"ன்னு அது நினைக்கறப்ப போய் விழறது உங்க ஆப்டேட்டால. ஏற்கனவே இருந்த உங்க விஎஸ் கோட் மேலயே மறுபடி இன்ஸ்டால் ஆகியிருக்கும், அவளுக்கு ஒண்ணும் போகல. நடுவுல வந்த எச்சரிக்கை பெட்டி சொல்றதும் இதைத்தான், இந்த யூசர் இன்ஸ்டாலரை அட்மினா ஓட்டாதீங்க, எல்லாருக்கும் வேணும்னா சிஸ்டம் இன்ஸ்டாலரை எடுங்கன்னு.

அதனால விஎஸ் கோட் சைட்டுக்குப் போங்க, பெரிசா தெரியற டவுன்லோட் பட்டனை விட்டுட்டு அதுக்குக் கீழ சின்னதா சிஸ்டம் இன்ஸ்டாலர்னு இருக்கும், அதை எடுங்க. உங்க அக்கவுண்ட்ல பழசை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு இதைப் போடுங்க, அட்மின் கேக்கும், குடுங்க, ப்ரோகிராம் ஃபைல்ஸ்ல போய் உக்காந்துக்கும். உங்க செட்டிங்ஸும் எக்ஸ்டென்ஷனும் (கூடுதலா சேத்துக்கற வசதி) தனி ஃபோல்டர்ல இருக்கறதால போகாது, பயப்படாதீங்க. ஆனா எக்ஸ்டென்ஷன் ஆளாளுக்கு தனி, அவளுக்கு வேண்டியதை அவதான் போட்டுக்கணும்.

மீட்டிங் ஆப்புக்கு முதல்ல ஷார்ட்கட்டை ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ்ல டார்கெட் பாருங்க. பாதை ப்ரோகிராம் ஃபைல்ஸ்னு ஆரம்பிச்சா பொது, யூசர்ஸ்னு ஆரம்பிச்சு உங்க பேர் வந்தா தனி. தனியா இருந்தா அவங்க சைட்லயே எம்எஸ்ஐ ஃபைல்னு (வின்டோஸ் செட்டப் ஃபைல்ல ஒரு வகை) தனியா குடுத்திருக்காங்களான்னு தேடுங்க, அது பெரும்பாலும் எல்லாருக்கும் பொதுவா இறங்கற மாதிரி செஞ்சதா இருக்கும். பல செட்டப்ல "இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்"னு ஒரு இடத்துல கேக்கும், எல்லாத்துலயும் இருக்காது, சிலதுல அது அட்வான்ஸ்டுக்குள்ள இருக்கும், நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு தட்டிட்டுப் போனா கண்ணுல படாது. கமாண்ட் பழக்கம் இருந்தா விங்கெட்ல (கமாண்ட் அடிச்சு சாஃப்ட்வேர் போடற வின்டோஸ் கருவி) ஸ்கோப் மெஷின்னு (--scope machine) சேத்துக் குடுத்தாலும் அதே வேலை நடக்கும், அந்த சாஃப்ட்வேர்ல பொது இன்ஸ்டாலர் இருந்தா மட்டும்.

இடத்தைப் பத்தி கவலை வேண்டாம். பொதுவா இறங்கினா டிஸ்க்ல ஒரே ஒரு காப்பிதான், செட்டிங்ஸ் மட்டும் ஆளுக்கு ஒண்ணு. இப்ப இருக்கற மாதிரி ஆளுக்கொண்ணா போட்டாத்தான் இடம் ரெண்டு மடங்கு போகும்.

ஆப்டேட்டால இருக்கற ஃபோல்டரை அப்படியே தூக்கி அவ ஃபோல்டர்ல ஒட்டிடலாமான்னு தோணும், பண்ணாதீங்க. ரெஜிஸ்ட்ரில (வின்டோஸ் செட்டிங்ஸை எழுதி வச்சுக்கற இடம்) உங்க பேர்ல எழுதி வச்சதெல்லாம் கூட வராது, சிலது ஓடும் சிலது ஓடாது, ஓடறது கூட அடுத்த அப்டேட்ல படுத்துடும்.

தூறல்

ஃபான்ட் பத்தி யாரும் சொல்லல, நான் டிசைன் வேலை பாக்கறதால இதுல நல்லாவே பட்டிருக்கேன். முன்னாடி எல்லாம் ஃபான்ட்னா வின்டோஸ் ஃபோல்டர்ல இருக்கற ஃபான்ட்ஸ்ல போய் விழும், அட்மின் வேணும், எல்லாருக்கும் பொது. 2018ல வந்த வின்டோஸ் 10 1809 வெர்ஷன்ல இருந்து அட்மின் இல்லாமலே ஃபான்ட் போடலாம்னு மாத்தினாங்க, அதுல இருந்து சும்மா இன்ஸ்டால்னு குடுத்தா உங்க ஆப்டேட்டாக்குள்ள போயிடும், உங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஃபான்ட் ஃபைலை ரைட் கிளிக் பண்ணி ஷோ மோர் ஆப்ஷன்ஸ் போனீங்கன்னா "இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்"னு இருக்கும், அதைக் குடுங்க, தங்கச்சிக்கும் வந்துடும். ஒரு தடவை என் பழைய கம்ப்யூட்டர்ல ஒரே ஃபைலை நான் திறந்தா அழகா இருக்கு, அடுத்த அக்கவுண்ட்ல திறந்தா தலைப்பெல்லாம் வேற ஃபான்ட்ல மாறி வரி உடைஞ்சு ஒரு பக்கம் ரெண்டு பக்கமா ஓடிடுச்சு, காரணம் இதுதான்னு கண்டுபிடிக்க ஒரு நாள் பூரா ஆச்சு.

கீபோர்ட் வேற கதை. மொழி செட்டிங் ஆளாளுக்கு தனி, அதை சாஃப்ட்வேர் மாதிரி பொதுவாக்க முடியாது. அவ அக்கவுண்ட்ல செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ்ல போய் தமிழ் சேத்து, அதுக்குள்ள கீபோர்ட்ல தமிழ்99 தேர்ந்தெடுக்க சொல்லுங்க, ரெண்டு நிமிஷ வேலை. கண்ட்ரோல் பேனல் ரீஜன்ல அட்மினிஸ்ட்ரேட்டிவ்ங்கற டேப்ல காப்பி செட்டிங்ஸ்னு ஒண்ணு இருக்கு, ஆனா அது இனிமே புதுசா உருவாக்கற அக்கவுண்ட்டுக்குத்தான், இருக்கற அக்கவுண்ட்டுக்கு போகாது.

கணக்குபிள்ளை

இந்த திரில வரவங்க ஒரு விஷயம் கவனிக்கணும்னு சொல்லிக்கறேன், சாஃப்ட்வேர் பொதுவா இருந்தாலே டேட்டாவும் பொதுன்னு நம்பிடாதீங்க. நாங்க அதுல அடி வாங்கினோம்.

வின்டோஸ் எக்ஸ்பி காலத்துல இருந்து ஒரு பழைய கணக்கு சாஃப்ட்வேர் வச்சிருக்கோம், அம்மாவும் நானும் மாத்தி மாத்தி எழுதுவோம். எக்ஸ்பில வீட்ல எல்லாரும் அட்மினாவே இருந்தோம், அதனால ஒண்ணும் தெரியல. புது கம்ப்யூட்டர் வந்ததும் ஆளுக்கொரு அக்கவுண்ட் போட்டோம், சாஃப்ட்வேர் ப்ரோகிராம் ஃபைல்ஸ்லதான் இருந்துச்சு, ரெண்டு பேருக்கும் திறந்துச்சு. ஒரு வாரம் நான் உக்காந்து பில் எல்லாம் ஏத்தினேன். அம்மா அவங்க அக்கவுண்ட்ல திறந்தா ஒரு பில் கூட இல்ல, நான் போடவே இல்ல போலன்னு நெனச்சு அவங்க ராத்திரி உக்காந்து மொதல்ல இருந்து மறுபடி ஏத்திட்டாங்க. அப்புறம் பாத்தா என்கிட்ட ஒரு கணக்கு, அவங்ககிட்ட ஒரு கணக்கு, ரெண்டுலயும் பில் நம்பர் வேற வேற. அம்மா கண்ணு வலியோட உக்காந்து நோட்டுல பென்சிலால டிக் போட்டு ஒவ்வொண்ணா சரி பாத்தது இன்னும் மனசுல இருக்கு.

காரணம் என்னன்னா, அந்த மாதிரி பழைய 32 பிட் சாஃப்ட்வேர் தன்னோட டேட்டாவை ப்ரோகிராம் ஃபைல்ஸ்க்குள்ளயே எழுதப் பாக்கும். சாதாரண யூசர் அங்க எழுத முடியாது. எழுத விடலன்னா சாஃப்ட்வேர் நின்னுடுமேன்னு, 2007ல வந்த வின்டோஸ் விஸ்டால இருந்து வின்டோஸ் அதை சத்தமில்லாம அந்தந்த யூசரோட ஆப்டேட்டால விர்ச்சுவல்ஸ்டோர்ங்கற ஃபோல்டருக்கு திருப்பி விட்டுடுது. சாஃப்ட்வேர் நல்லா எழுதிட்டேன்னு நெனச்சுக்கும், நாமளும் அப்படியே நெனச்சுப்போம். உங்க பழைய சாஃப்ட்வேர்ல ஒருத்தர் போட்டது இன்னொருத்தருக்கு தெரியலன்னா மொதல்ல விர்ச்சுவல்ஸ்டோர்ல போய் பாருங்க, ரெண்டையும் பேக்கப் எடுத்துக்கங்க, அப்புறமா சாஃப்ட்வேரோட ஆப்ஷன்ல டேட்டா ஃபோல்டரை பப்ளிக் டாக்குமெண்ட்ஸ் மாதிரி ரெண்டு பேரும் எழுதக்கூடிய இடத்துக்கு மாத்துங்க. ஆனா ரெண்டு அக்கவுண்ட்லயும் ஒரே நேரத்துல திறந்து வைக்காதீங்க, ஒருத்தர் முழுசா மூடிட்டுத்தான் அடுத்தவர்.

பச்சைத்தவளை

லினக்ஸ், மேக் ஆளுங்க யாராவது தேடி வந்தா அவங்களுக்கு ரெண்டு வரி. உபுண்டு மாதிரி லினக்ஸ்ல ஆப்ட் (apt) கமாண்ட்ல போட்டது எல்லாருக்கும் பொது. பிப்ல (pip, பைத்தான் பேக்கேஜ் போடற கமாண்ட்) யூசர்னு குடுத்துப் போட்டது, ஹோம் ஃபோல்டர்ல (உங்க பேர்ல இருக்கற ஃபோல்டர்) வச்சிருக்கற ஆப்இமேஜ் (இன்ஸ்டால் பண்ணாம ஒரே ஃபைலா ஓடற சாஃப்ட்வேர்) எல்லாம் உங்களுக்கு மட்டும், உபுண்டு 21.04ல இருந்து புதுசா உருவாக்கற ஹோம் ஃபோல்டரை அடுத்த யூசர் எட்டிக்கூட பாக்க முடியாது. டிஸ்க்கோட மேல்மட்டத்துல ஆப்ட்னே ஒலிக்கற /opt ஃபோல்டர் ஒண்ணு இருக்கு (இன்ஸ்டால் பண்ற கமாண்ட் apt வேற, இது வேற, எழுத்தும் வேற), ஆப்இமேஜை அங்க நகத்தி எல்லாருக்கும் ஓட்டற பர்மிஷன் குடுத்தா போதும். மேக்ல டிரைவோட அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டர்ல இழுத்துப் போட்டா பொது, உங்க ஹோம்க்குள்ள இருக்கற அப்ளிகேஷன்ஸ்ல போட்டா உங்களுக்கு மட்டும்.

தும்பி

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. ஆந்தைக்கண் அண்ணா, நீங்க சொன்னது அப்படியே சரி, டார்கெட்ல பாத்தா விஎஸ் கோட், மீட்டிங் ஆப் ரெண்டுமே யூசர்ஸ்னுதான் ஆரம்பிச்சுது. சிஸ்டம் இன்ஸ்டாலர் போட்டேன், அவ லாகின் பண்ண உடனே ஸ்டார்ட் மெனுல இருந்துச்சு, என் செட்டிங்ஸும் அப்படியே இருக்கு. மீட்டிங் ஆப்புக்கு எம்எஸ்ஐ கிடைச்சுது, அதுவும் ஓகே. ஃபான்ட் வந்துடுச்சு, தூறல் அக்கா சொன்ன மாதிரி தமிழ்99 அவளே சேத்துக்கிட்டா.

ஒண்ணே ஒண்ணு பாக்கி. மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல இருந்து நான் எடுத்த ஒரு நோட்ஸ் ஆப், அதுக்கு ஷார்ட்கட்ல டார்கெட்டே பாக்க முடியல, ஆல் யூசர்ஸ்னும் எங்கயும் கேக்கல. அதை என்ன பண்றது?

ஆந்தைக்கண்

ஸ்டோர் ஆப்புக்கு அந்த கேள்வியே வராது தம்பி. ஃபைல் எல்லாம் ப்ரோகிராம் ஃபைல்ஸ்க்குள்ள வின்டோஸ்ஆப்ஸ்னு ஒரு மறைஞ்ச ஃபோல்டர்ல ஒரே ஒரு காப்பியா இருக்கும், ஆனா ஒவ்வொரு யூசருக்கும் தனித்தனியா பதிவு ஆகணும். தங்கச்சி அவ அக்கவுண்ட்ல ஸ்டோர் திறந்து அதே ஆப்புக்கு கெட் குடுத்தா போதும், அதே வெர்ஷன் ஏற்கனவே டிஸ்க்ல இருக்கறதால மறுபடி முழுசா இறக்காது, சீக்கிரமே முடிஞ்சுடும், இடமும் கூட போகாது. காசு குடுத்து வாங்கின ஆப்பா இருந்தா மட்டும் அது உங்க ஸ்டோர் அக்கவுண்ட்டோட சேந்தது, அவ கெட் குடுத்தா வாங்க சொல்லிக் கேக்கும். இலவச ஆப்தானே?

தும்பி

இலவசம்தான் அண்ணா. இப்பத்தான் கெட் குடுத்தா, தண்ணி குடிச்சுட்டு வரதுக்குள்ள ஓபன்னு வந்துடுச்சு.