பிடிக்காத மன்னரை என்ன செய்வது?

கேள்வி:
2023 மே மாதம் மூன்றாம் சார்லஸ் முடிசூடியதைக் குடும்பமாக உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தோம். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்டாள்: “பிடிக்காத பிரதமரைத் தேர்தலில் மாற்றிவிடலாம். பிடிக்காத ராஜாவை?” அவருக்கு அதிகாரமே கிடையாது என்று சொல்லிச் சமாளித்தேன். அது பதிலாகாது என்று எனக்கே தெரிகிறது. மன்னர் இருக்கும் நாடுகளில் அவரை இறக்க வழி உண்டா?

பழைய வாத்தியார்:
உங்கள் மகள் ஆணிவேரிலேயே கை வைத்துவிட்டாள். மன்னராட்சி என்றாலே நல்ல மன்னன், கெட்ட மன்னன் என்று பேசி முடித்துவிடுகிறோம். வரலாற்று வகுப்பில் நான் பிள்ளைகளைக் கேட்கச் சொன்னது வேறு: இவன் எப்படி ஏறினான், எப்படி இறங்குவான்? 1649-இல் முதலாம் சார்லஸின் தலையை வெட்டித்தான் இங்கிலாந்து அவரை இறக்கியது.

இன்று வழி உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது மலேசியா. அங்கே ஒன்பது மாநிலங்களுக்குப் பரம்பரை ஆட்சியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஐந்து ஆண்டுக்கு மாமன்னர். வாக்களிப்பதும் அந்த ஒன்பது பேர்தான். வாக்குச்சீட்டில் எண் இருக்காது. எல்லோருக்கும் ஒரே வகைப் பேனா, ஒரே மை. யார் எப்படி எழுதினார் என்று கண்டுபிடிக்க முடியாது. குறைந்தது ஐந்து வாக்கு வேண்டும். முடிந்ததும் சீட்டுகளை அவர்கள் கண்ணெதிரிலேயே அழித்துவிடுகிறார்கள். பொறுப்பில் இருக்கும் மாமன்னரை நீக்கவும் அதே ஐந்து வாக்கு போதும்.

பூட்டான் இன்னொரு விதம். 2008 அரசியல் சட்டப்படி 65 வயதானால் மன்னர் விலகியே ஆக வேண்டும். அதற்கு முன்பே விலக்க நினைத்தால் நாடாளுமன்றத்தில் நான்கில் மூன்று பங்கு ஆதரவும், பிறகு மக்களின் பொது வாக்கெடுப்பும் தேவை. தன்னை நீக்கும் உரிமையைப் பேரவைக்குத் தர 1998-இலேயே முன்வந்தவர் அந்த நாட்டு மன்னர்தான். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத செய்தி இது.

கடலோடி:
மன்னரே விலக நினைத்தாலும் எளிதல்ல, ஐயா. ஜப்பானில் பேரரசர் உயிரோடு பதவி விலகச் சட்டத்தில் இடமே இல்லை. 2016-இல் அகிஹிதோ மக்களிடம் பேசியபோது முதுமையைச் சொன்னார். ‘விலகுகிறேன்’ என்ற சொல்லைச் சொல்லவில்லை. சொன்னால் சட்டத்தை மாற்றச் சொன்னதுபோல் ஆகி, அரசியலில் தலையிட்டதாகிவிடும். அவர் ஒருவருக்காக 2017-இல் தனிச் சட்டம் இயற்றினார்கள். 2019 ஏப்ரல் 30 அன்று விலகினார்.

மலைநாட்டான்:
வாத்தியார் ஐயா சொல்வதை முழுதாக ஏற்க முடியவில்லை. நேபாளத்திலும் 1990-இல் எழுதிய அரசியல் சட்டம் இருந்தது. 2005 பிப்ரவரி 1 அன்று மன்னர் ஞானேந்திரா, அமைச்சர்களின் அரசைக் கலைத்து ஆட்சியைத் தன் கையில் எடுத்தார். நாடு முழுக்கத் தொலைபேசியைத் துண்டித்தார்கள். காகிதத்தில் இருந்த சட்டம் என்ன செய்தது?

பழைய வாத்தியார்:
ஏற்கிறேன். நேபாளத்தை நான் விட்டிருக்கக் கூடாது. அங்கே சட்டம் இருந்தது, ராணுவமோ மன்னர் பக்கம் இருந்தது. மக்கள் எழுச்சிக்குப் பின் 2006 மே மாதம் நாடாளுமன்றம் படையை அவர் பிடியிலிருந்து எடுத்தது. படையின் பெயரில் இருந்த ‘ராயல்’ என்ற சொல்லும் போயிற்று. முடி போக மேலும் இரண்டு ஆண்டு ஆயின. 2008 மே 28 அன்று அரசியல் நிர்ணய சபையில் 560 பேர் குடியரசுக்கு வாக்களித்தார்கள், நான்கு பேர் எதிர்த்தார்கள். படையை எடுத்தது முதலில், முடியை எடுத்தது பிறகு. மகளிடம் அந்த வரிசையையும் சொல்லுங்கள்.