அலை கரைக்கு வருகிறது, தேங்காய் ஏன் வரவில்லை?

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:
நம்ம ஊர் தென்பெண்ணை கடலில் சேரும் பக்கத்தை மகளுக்குக் காட்ட கடலூர் சில்வர் பீச் போயிருந்தோம். அலை உடைவதற்கு அப்பால் ஒரு தேங்காய் மிதந்தது. அலை வந்தால் மேலே ஏறிக் கரைப் பக்கம் நகர்கிறது, அலை தாண்டியதும் இறங்கிப் பின்னால் போய்விடுகிறது. இருபது அலை எண்ணினோம், அதே இடம்தான். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், நங்கூரம் போட்டிருந்த படகைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருந்தது! "அலை தள்ளுதா, தள்ளலையாப்பா?" என்கிறாள். என்ன சொல்லட்டும்?

பாரூர் இயற்பியல் வாத்தியார்:
தள்ளுகிறது, ஆனால் துளித்துளியாக. ஆற்றில் தண்ணீரே ஓடுகிறது. ஆழ்கடல் அலையிலோ தண்ணீர் வட்டமாகச் சுற்றும், அலையின் வடிவம்தான் ஓடும். ஆனால் அந்த வட்டம் முழுசாக மூடுவதில்லை. மேலே இருக்கும்போது முன்னால் போகிற வேகம் அதிகம், கீழே பின்னால் வருகிற வேகம் குறைவு. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மிச்சம் விழும். 1847-இல் ஸ்டோக்ஸ் என்ற இயற்பியலாளர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

ஒரு மீட்டர் உயரம், 50 மீட்டர் நீளமுள்ள (ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை) அலை மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டர் ஓடும். அது தேங்காயை நகர்த்துவதோ நொடிக்கு மூன்றரை சென்டிமீட்டர்தான். ஆனாலும் ஒரு நாளில் 3 கிலோமீட்டர் ஆகிவிடும்! அலை உயரம் இரட்டித்தால் இது நான்கு மடங்கு. நாலு மீட்டர் ஆழத்துக்குப் போனாலே மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் மிஞ்சும். அதனால்தான் மேலே மிதக்கும் பிளாஸ்டிக் ஒரு பக்கம் போக, உள்ளே அமிழ்ந்த துகள் வேறு பக்கம் போகலாம்.

ஒகேனக்கல் பரிசல்:
காற்றை விட்டுட்டீங்களே சார். காலிப் பரிசலைக் காற்று சுழற்றி இழுத்துக்கொண்டு போகும். ஆள் ஏறினால் அவ்வளவு இழுக்காது.

பாரூர் இயற்பியல் வாத்தியார்:
சரியாகச் சொன்னீர்கள். 1992 ஜனவரியில் பசிபிக்கில் கப்பலிலிருந்து விழுந்த பிளாஸ்டிக் பொம்மைகள் நவம்பரில் அலாஸ்காவில் ஒதுங்கின. உள்ளே காற்றடைத்த பொம்மைகள், தண்ணீருக்கு மேலேயே நின்றவை. கடல் நீரோட்டம், அலை, காற்று மூன்றும் சேர்ந்த பயணம் அது.

மாந்தோப்பு சார், உங்களுக்கு கிருஷ்ணகிரி அணை பக்கம்தானே? இரண்டு பாட்டிலில் நூல் கட்டி விடுங்கள். ஒன்று காலி, இன்னொன்றில் கழுத்து மட்டும் வெளியே தெரிகிற அளவு தண்ணீர்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:
இன்று சாயங்காலம் செய்தோம். காலி பாட்டில் நூலை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டது. தண்ணீர் பாட்டில் எங்கள் கண்ணெதிரிலேயே தலையாட்டிக்கொண்டு, ஒரு முழம் நகரவே நேரம் எடுத்தது. மகள் இப்போது அலையின் நீளத்தை எப்படி அளப்பது என்று கேட்கிறாள். சொல்லுங்கள் சார்.