காபித் தோட்டத்துக்குப் போனால் எதைப் பார்ப்பது, என்ன கேட்பது? (தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம்)

சுக்குக்காப்பி:

வணக்கம். நாலு பேர் சேர்ந்து இரண்டு நாள் கொடைக்கானல் பக்கம் கீழ்ப்பழனி மலைக்குப் போகிறோம். ஒன்றிரண்டு ஏக்கரில் அராபிகா வகைக் காபி போடலாமா என்ற யோசனை இருப்பதால், முதலில் நன்றாக நடக்கும் தோட்டங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஆசை. "இயற்கைக் காபி" என்று பலகை வைத்த தோட்டம் நிறைய இருக்கிறது. மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் நடக்கும் தோட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? எந்த மாதம் போகலாம்?

மேட்டுக்காடு:

மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள். மார்ச், ஏப்ரலில் பூ மழை (காபி மொட்டை மலர வைக்கும் கோடை மழை) விழுந்து பத்து நாளுக்குள் தோட்டமே வெள்ளையாக இருக்கும். படம் எடுக்க நல்லது, கற்க அதில் அதிகம் இல்லை. பழம் எடுப்பு, பல்பர் (பழத்தோலை உரிக்கும் இயந்திரம்), காயவைப்பு எல்லாம் ஒரே பயணத்தில் பார்க்க டிசம்பர், ஜனவரிதான் சரி. முதல் நாள் சாயங்காலம் பல்பர் ஓடும் நேரத்துக்குப் போய்விட்டு, மறுநாள் காலையில் காட்டுக்குள் நடங்கள். எடுப்புக் காலத்தில் பகலில் தோட்டக்காரருக்கு நின்று பேச நேரமே இருக்காது.

காட்டுக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள். நிழல் இரண்டு அடுக்காக இருக்க வேண்டும்: கீழே கல்யாண முருங்கை, மேலே பலா, அத்தி, ஈட்டி மாதிரி பெரிய மரங்கள். வெறும் சில்வர் ஓக் மட்டும் வரிசையாக நின்றால் அது மர வியாபாரக் கணக்கு. மிளகுக்கொடி ஏற்ற சில்வர் ஓக் வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் சருகு லேசில் மக்காது. கல்யாண முருங்கை அப்படியல்ல. வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும், மழைக்கு முன் கிளை வெட்டிப் போட்டால் சீக்கிரம் மக்கிவிடும். இந்த மலையில் இடையில் வாழையும் ஆரஞ்சும் இருப்பது பழைய வழக்கம். வாழையில் முடிக்கொத்து நோய் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிழலை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் போரர், அதாவது வெள்ளைத் தண்டுத்துளைப்பான். வெயில் படும் தண்டைத் தேடித்தான் அந்த வண்டு பட்டை இடுக்கில் முட்டை வைக்கும். ஏப்ரல்-மேயிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் பறக்கும். நிழலை ஒட்ட வெட்டிய தோட்டத்தில் முதலில் சாவது அராபிகாதான். தண்டைத் தடவிப் பாருங்கள், மேடு மேடாகத் தட்டுப்பட்டால், இலையும் மஞ்சளித்துத் தொங்கினால், உள்ளே புழு இருக்கிறது. அந்தச் செடியை வண்டு வெளியே வரும் முன் வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். பிடுங்கிய தண்டை விறகுக்கென்று வீட்டோரம் அடுக்கி வைத்திருந்தால் அந்தத் தோட்டத்தில் வேறு எதையும் கற்க வேண்டாம், வண்டு அங்கிருந்தே கிளம்பும். மற்ற செடிகளில் தண்டின் தளர்ந்த பட்டையைத் தேங்காய் நார் வைத்துத் தேய்த்து எடுத்துவிட்டு, 200 லிட்டர் தண்ணீருக்கு 20 கிலோ சுண்ணாம்பு கலந்து தண்டில் அடிப்பார்கள். தேய்க்கும்போது பச்சைப் பட்டை உரியக் கூடாது.

மண்ணுக்கு ஒரே சோதனை: சருகை விலக்கிக் கையால் தோண்டுங்கள். விரல் இறங்க வேண்டும், மண்புழு தென்பட வேண்டும். சரிவுக்குக் குறுக்கே நீர் நிற்கும் குழிகள் எடுத்திருக்கிறார்களா, அதில் சேர்ந்த மண்ணை அள்ளித் திரும்பச் செடிக்குப் போடுகிறார்களா என்றும் பாருங்கள். களை ஒரே சீராகக் கருகிக் கிடந்தால் களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள். அரிவாளால் அறுத்த களை அப்படிக் கருகாது.

பல்பர்கட்டை:

மேட்டுக்காடு காட்டைச் சொல்லிவிட்டார், நான் தண்ணீரைச் சொல்கிறேன். பலகையில் இயற்கை என்று எழுதிவிட்டுப் பல்பர் தண்ணீரை ஓடையில் விடுகிறவர்கள் உண்டு. பல்பரிலிருந்து போகும் குழாயை முடிவு வரை நடந்தே பாருங்கள். அந்தத் தண்ணீர் புளித்து அமிலமாகிவிடும், ஓடையில் கலந்தால் ஆக்சிஜனை உறிஞ்சி மீனைக் கொல்லும். தொட்டியில் தேக்கி, சுண்ணாம்பு போட்டு அமிலத்தை முறித்து, சில வாரம் குட்டையில் நிறுத்திய பிறகே வெளியே விட வேண்டும். பழத்தை உருட்டிய தண்ணீரை அன்றைக்கே வடிகட்டித் திரும்ப ஓட்டினால் செலவாகும் தண்ணீர் பெருமளவு குறையும்.

எடுத்த பழத்தை அன்றே பல்பரில் போட வேண்டும். போடும் முன் தண்ணீரில் கொட்டினால் மிதப்பது சொத்தை, அதைத் தனியே ஒதுக்க வேண்டும். தோல் போன பருப்பு தொட்டியில் 24 முதல் 36 மணி நேரம் புளிக்கும், குளிரில் இன்னும் இழுக்கும். கடிகாரத்தை நம்பாமல் கையில் அள்ளித் தேய்க்கச் சொல்லுங்கள். கொழகொழப்புப் போய்க் கூழாங்கல் மாதிரி கறகறவென்றால் கழுவிவிடலாம். இரவு தூங்கிவிட்டுக் காலையில் தாமதமாகக் கழுவிய தொட்டியில்தான் நாற்றக் கொட்டை உண்டாகிறது. அதில் நாலைந்து கொட்டை போதும், வறுத்த பிறகு டிகாக்ஷனே கெட்டுவிடும்.

காயவைப்பது வெறும் மண்ணில் இருக்கக் கூடாது. கம்பிவலை மேசையோ சிமெண்டுக் களமோ வேண்டும். மெல்லிய அடுக்காகப் பரப்பி மணிக்கொரு தடவை கிளற வேண்டும். ஆரம்ப நாட்களில் உச்சி வெயிலில் மூடாவிட்டால் பார்ச்மென்ட் (கொட்டையை மூடியிருக்கும் ஓடு) வெடிக்கும், இரவில் மூடாவிட்டால் பனி இறங்கும். ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு வந்ததும் மூட்டை கட்டலாம். 100 கிலோ அராபிகா பழத்துக்கு ஓட்டோடு காய்ந்த கொட்டை, அதாவது பார்ச்மென்ட், 20 கிலோ, அதிலிருந்து சுமார் 16 கிலோ பச்சைக்கொட்டை (ஓடு நீக்கிய, வறுக்காத கொட்டை). உங்கள் வரவுசெலவை இதை வைத்துப் போடுங்கள்.

பழத்தோலை என்ன செய்கிறார்கள்? சாணத்தோடு அடுக்கி மட்க வைத்தால் நல்ல எரு. பச்சையாகச் செடி மூட்டில் குவித்தால் சூடேறும், ஈ மொய்க்கும்.

சுக்குக்காப்பி:

நன்றி. ஒரு சந்தேகம். இயற்கைச் சான்றிதழ் வைத்திருக்கும் ஒருவரே மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) அடிக்கிறாராம். இது ஏமாற்றா?

கணக்கு நோட்டு:

ஏமாற்று இல்லை. இலைத்துரு என்ற பூஞ்சை நோய்க்குப் போர்டோ கலவையை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது) இயற்கை முறையிலும் அளவோடு அனுமதிக்கிறார்கள். அரை சதவீதக் கலவைக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 200 லிட்டர். இரண்டையும் பிளாஸ்டிக் டிரம்மில் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்ற வேண்டும். தேய்த்த இரும்புக் கத்தியை நனைத்தால் செம்பு படியக் கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகும். கலந்த அன்றே அடித்துவிட வேண்டும். ஆனால் வருஷா வருஷம் தேவைக்கு மேல் அடித்தால் செம்பு மண்ணில் தங்கி மண்புழுவைக் கெடுக்கும், அதனால் எத்தனை தடவை அடிக்கிறார் என்று கேளுங்கள்.

சான்றிதழைப் பார்த்தால் பெயர், சர்வே எண், காலாவதித் தேதி மூன்றையும் ஒத்துப்பாருங்கள். காபி மாதிரி பல்லாண்டுப் பயிருக்கு மாற்றக் காலம், அதாவது ரசாயனத்தை விட்டு இயற்கைக்கு மாறும் காலம், 3 ஆண்டு. "போன வருஷம்தான் ரசாயனத்தை விட்டேன்" என்பவரிடம் முழுச் சான்றிதழ் இருக்க முடியாது.

இன்னொரு கேள்வி, இதை யாரும் கேட்பதில்லை: எடுப்புக்குக் கிலோக் கூலியா, நாள் கூலியா? வெறும் கிலோக் கணக்கு என்றால் கை பச்சைக்காயையும் சேர்த்து உருவும். பழம் ஒரே நாளில் பழுக்காது, நாலைந்து சுற்று எடுக்க வேண்டும். கடைசிச் சுற்றில் செடியிலும் தரையிலும் ஒன்று விடாமல் பொறுக்க வேண்டும், மிச்சம் கிடக்கும் காயில்தான் காய்த்துளைப்பான் (காயைத் துளைக்கும் சிறு வண்டு) அடுத்த பூ வரை உயிரோடு இருக்கும்.

தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் வட்டார ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போய் எஸ்.795, காவேரி, சந்திரகிரி என்ற மூன்று அராபிகா ரகங்களையும் பற்றி விசாரியுங்கள். எஸ்.795 நெட்டை, சுவை நல்லது. 6க்கு 6 அடியில் ஏக்கருக்கு 1,210 செடி. மற்ற இரண்டும் குட்டை, நெருக்கி நடலாம். துருவைத் தாங்கும் என்று காவேரியைப் போட்டார்கள், பிறகு அதையும் துரு பிடித்தது. சந்திரகிரி 2007இல் வந்தது.

மேட்டுக்காடு:

ஒன்று விட்டுப்போச்சு. ஞாபகத்துக்கென்று பழத்தையோ காய்ந்த செர்ரியையோ (தோலோடு காய்ந்த காபிப் பழம்) பையில் போட்டுக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போகாதீர்கள். காய்த்துளைப்பான் இந்தியாவில் 1990இல் கூடலூர்ப் பக்கம்தான் முதலில் தென்பட்டது. அது மலைக்கு மலை போவதே இப்படிச் சாக்கிலும் பையிலும்தான். வண்டி ஏறும் முன் பையை உதறிவிடுங்கள்.