2 டன் வரைக்கும் லாரியிலிருந்து இறக்க நகர்த்தக்கூடிய கேன்ட்ரி: பீம், வீல், செயின் பிளாக் எது எடுக்கலாம்?

கணபதி_யார்டு:

வணக்கம். கோவை கணபதி பக்கம் ஃபேப்ரிகேஷனும் பழைய மெஷின் ரீகண்டிஷனும் நடக்கிற யார்டு. ஷெட்டில் கிரேன் கிடையாது. தூண்களும் ட்ரஸ்ஸும் கூரையைத் தாங்க மட்டும் போட்டவை, அதில் எதையும் தொங்கவிட முடியாது. வாரத்துக்கு இரண்டு மூன்று லோடு வரும்: லேத், ஷேப்பர், கியர்பாக்ஸ், டை பிளாக். எடை அதிகபட்சம் 2 டன். ஒவ்வொன்றுக்கும் ஹைட்ரா (வாடகைக்கு வரும் நடமாடும் கிரேன்) கூப்பிட்டால் கட்டுப்படியாகவில்லை, அது வரும்வரை லாரியும் காத்து நிற்கிறது.

ஷெட்டுக்குள் கான்கிரீட் தரை. லாரி நிற்கும் இடத்திலிருந்து ஷெட் வாசல் வரை 12 மீட்டர் கிராவல் மண்.

நினைத்திருப்பது ஒரு கேன்ட்ரி, அதாவது கால்கள் மேல் பீம் வைத்த தூக்கும் சட்டம்: நாலு பைப் கால், மேலே 4 மீட்டருக்கு ஐஎஸ்எம்பி 200 (200 மில்லிமீட்டர் உயர ஐ வடிவ பீம்), பீமில் ஓடும் ட்ராலியோடு 2 டன் செயின் பிளாக் (கையால் சங்கிலி இழுத்துத் தூக்குவது), கீழே 8 இன்ச் காஸ்டர் வீல். லோடைத் தூக்கி, கேன்ட்ரியோடு சேர்த்து அப்படியே ஷெட்டுக்குள் தள்ளிவிடலாம் என்பது திட்டம். செய்து தருகிறவர் இது தாராளம் என்கிறார். பீம் சரிதானா? எவ்வளவு உயரம் வைக்க வேண்டும்? இதற்குப் பதில் ஒரு ட்ரைபாட் போதுமா?

டிசைன்_மேஜை:

முதலில் திட்டத்தையே கொஞ்சம் மாற்றுங்கள். இந்த கேன்ட்ரி தூக்கி இறக்க மட்டும்தான். லோடு தொங்கும்போது அதைத் தள்ளும் வேலையே வேண்டாம். 4 மீட்டர் உயரத்திலிருந்து 2 டன் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு வீல் சின்னக் கல்லில் முட்டினாலும் கேன்ட்ரி நின்றுவிடும், லோடு நிற்காது. முன்னால் ஆடி, அடுத்த ஆட்டத்தில் எதிர்ப்பக்கக் கால்களைத் தூக்கப் பார்க்கும். கிராவலில் 8 இன்ச் வீல் 2 டன்னோடு உருளவே உருளாது, புதைந்துவிடும்.

தள்ள வேண்டிய அவசியமும் இல்லை. லாரியை கேன்ட்ரிக்கு நடுவே ரிவர்ஸில் விட்டு, லோடை 15 சென்டிமீட்டர் தூக்கியதும் லாரியை முன்னால் எடுத்துவிடுங்கள். லோடு நேரே கீழே இறங்கட்டும். அங்கிருந்து ஷெட்டுக்கு உருளையில் போகலாம்.

ட்ரைபாடுக்கு நடுவே லாரி நுழைய முடியாது, அதனால் உங்களுக்கு உதவாது. போர்வெல் மோட்டார் தூக்கவும், குழிக்குள் பம்ப் இறக்கவும் அது நல்ல சாமான். அங்கேயும் மூன்று காலையும் அடியில் சங்கிலியால் இணைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் சிமென்ட் தரையில் கால் வழுக்கி விரியும்.

உயரம். லாரி பாடித் தரை 1.25 மீட்டர், தூக்கும் இடைவெளி 0.15, லேத் 1.3, மெஷின் தலைக்கு மேல் ஸ்லிங் (கட்டித் தூக்கும் பெல்ட்) 0.6, செயின் பிளாக் முழுக்கச் சுருங்கினாலும் கொக்கிக்குக் கொக்கி 0.45, ட்ராலி 0.15. மொத்தம் 3.9. ஆகவே பீமின் அடிப்பக்கம் தரையிலிருந்து 4 மீட்டர். பலர் செயின் பிளாக்கின் இந்த 45 சென்டிமீட்டரைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். கொக்கி மேலே போய் முட்டி நிற்கும்போது மெஷின் இன்னும் லாரியில்தான் உட்கார்ந்திருக்கும். அகலம்: லாரி பாடி 2.45 மீட்டர், இரு பக்கமும் தலா 50 சென்டிமீட்டர் விட்டால் கால்களுக்கு நடுவே 3.5 வேண்டும். நீங்கள் சொன்ன 4 மீட்டர் சரி.

பீம். 2 டன் லோடு, பிளாக்கும் ட்ராலியும் 60 கிலோ, கைச்சங்கிலிக்கு 10 சதவீத அதிர்வு, பீமின் சொந்த எடை எல்லாம் சேர்த்து நடுவில் வளைவுத் திருப்பம் (பீமை வளைக்கப் பார்க்கும் விளைவு) 23 கிலோநியூட்டன் மீட்டர். ஐஎஸ்எம்பி 200-இல் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 103 நியூட்டன் வருகிறது. 250 ஈல்டு (நிரந்தரமாக வளையத் தொடங்கும் அழுத்தம்) ஸ்டீலுக்கு இது குறைவுதானே என்று தோன்றும், உங்கள் ஃபேப்ரிகேட்டரும் அதைத்தான் பார்த்திருப்பார். ஆனால் இங்கே மேல் ஃபிளாஞ்சை (ஐ வடிவத்தின் மேல் பட்டையை) 4 மீட்டர் நீளத்துக்கும் பக்கவாட்டில் யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. அது பக்கமாக நெளிந்து முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அந்த நிலையில் வழக்கமான 165 என்ற அனுமதி கிடைக்காது, ஏறக்குறைய நீங்கள் கொடுக்கும் அழுத்தத்தின் அளவுக்கே இறங்கிவிடும். ஐஎஸ்எம்பி 250 போட்டால் அழுத்தம் 56, நடுவில் தொய்வும் 6 மில்லிமீட்டரிலிருந்து 2.6 ஆகக் குறையும். 4.5 மீட்டர் பீமுக்கு 60 கிலோ கூட அதிகம் வராது. யோசிக்காமல் 250 போடுங்கள்.

பீமை விட முக்கியமானது கால் பீமோடு சேரும் இடம். ஏ வடிவக் கால் முன்பின் ஆட்டத்தைத் தாங்கும். பீமின் நீளவாக்கில் ஆடினால் தாங்குவதற்கு மேலே உள்ள மூலைதான் இருக்கிறது. அங்கே இரண்டு போல்ட் மட்டும் போட்டால் அது கீல் மாதிரி வேலை செய்யும். ட்ராலியை வேகமாக இழுத்தால் மொத்தச் சட்டமும் இணைகரமாகச் சாய்ந்து படுத்துவிடும். ஒவ்வொரு மூலையிலும் பீமிலிருந்து காலுக்கு 700 மில்லிமீட்டர் நீளத்தில் 75×75×6 ஆங்கிளில் முட்டு கொடுங்கள். தலைப் பிளேட் 16 மில்லிமீட்டர், பக்கத்துக்கு நாலு எம்20 போல்ட், 8.8 கிரேடு. மைல்டு ஸ்டீல் போல்ட் வேண்டாம். போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருக்கும், பார்த்து வாங்குங்கள்.

கால்: 4 இன்ச் பி கிளாஸ் பைப். அடியில் இரண்டு காலுக்கும் நடுவே விரிவு 2.2 மீட்டர், அதை இணைக்க ஐஎஸ்எம்சி 100 சேனல். மொத்த கேன்ட்ரி 500 கிலோ அளவில் வரும்.

வீல் விஷயம். ட்ராலி ஓரத்துக்குப் போனால் லோடு முழுதும் அந்தப் பக்கத்து இரண்டு கால்களில்தான். காலுக்கு 1.1 முதல் 1.2 டன். மொத்த எடையை நாலால் வகுத்து வீல் வாங்குவது தவறு. நான் சொல்வது, காஸ்டர் காலி கேன்ட்ரியை நகர்த்த மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு காலுக்குப் பக்கத்திலும் ஒரு ஸ்க்ரூ ஜாக் வைத்து, தூக்குவதற்கு முன் வீல் தரையை விட்டு எழும்பும்வரை திருகிவிடுங்கள். சாரத்துக்குப் போடும் பேஸ் ஜாக்கில் குழாய்த் தண்டு வேண்டாம், சாலிட் தண்டாக எடுங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் 400×400 பிளேட், 12 மில்லிமீட்டர் கனம். கிராவலில் சதுர மீட்டருக்கு 7 டன் சுமை வரும். மழை பெய்து ஊறிய மண் என்றால் பிளேட்டுக்கு அடியில் சிலீப்பர் கட்டையும் போடுங்கள். ஜாக்கிலேயே பீமை மட்டம் பார்த்துக்கொள்ளலாம். 4 மீட்டரில் 20 மில்லிமீட்டர் சாய்ந்தாலே ட்ராலி லோடோடு தானாக நகரப் பார்க்கும்.

பீமின் இரண்டு முனையிலும் ட்ராலி ஸ்டாப்பர் போல்ட் போட்டு வையுங்கள். வெல்டு வேண்டாம், ட்ராலியைக் கழற்ற முடியாமல் போகும்.

ரிக்கிங்_மேஸ்திரி:

மேல சார் சொன்னது முழுக்கச் சரி. இறக்கினதுக்கு அப்புறம் எப்படிங்கிறதை நான் சொல்றேன்.

லேத்தைத் தூக்கும்போது ஹெட்ஸ்டாக் (சக்கு மாட்டுற தலை) பக்கம்தான் கனம். நடுவுல கொக்கி போட்டா தலைப்பக்கம் கவுந்துக்கும். எதிர்முனையில இருக்கிற டெயில்ஸ்டாக்கைக் கடைசிக்குத் தள்ளி பூட்டிடுங்க, சேடிலையும் அந்தப் பக்கம் நகர்த்துங்க. பெல்ட் ஸ்லிங் ரெண்டு, பெட்டுக்கு அடியில சுத்தி. லீட் ஸ்க்ரூ, ஃபீட் ராடு மேல பெல்ட் படவே கூடாது, நடுவுல ரெண்டு இன்ச் கட்டை கொடுத்து விலக்கிடணும். வளைஞ்ச லீட் ஸ்க்ரூவை நிமித்துற செலவுல நாலு பெல்ட் வாங்கலாம். சக்குலயோ ஸ்பிண்டில்லயோ கட்டித் தூக்குற பழக்கம் இன்னும் சில இடத்துல இருக்கு, பேரிங் போயிடும்.

பெல்ட் கலர் பார்த்து எடுங்க: வயலட் 1 டன், பச்சை 2, மஞ்சள் 3. உங்களுக்கு மஞ்சள் ரெண்டு. வார்ப்பு விளிம்பு பிளேடு மாதிரி அறுக்கும், பழைய ஹோஸை நீளவாட்டுல கீறி விளிம்புல மாட்டுங்க. லேபிள் கிழிஞ்சு போன பெல்ட்டை எடுத்து ஓரமா போட்டுடுங்க.

ஸ்லிங் எவ்வளவு படுக்கையா போகுதோ அவ்வளவு இழுவை ஏறும். 2 டன்னை ரெண்டு காலா தூக்குறப்போ தரையிலிருந்து 60 டிகிரின்னா காலுக்கு 1.15 டன். 45-ன்னா 1.41. 30-ன்னா ஒவ்வொரு காலுக்கும் முழு 2 டன். உயரம் பத்தலைன்னு ஸ்லிங்கைச் சின்னதாக்கினா இந்த வம்புதான் வரும். அப்படிப்பட்ட லோடுக்கு ஒரு ஸ்ப்ரெடர் பீம் (ஸ்லிங் ரெண்டையும் விலக்கிப் பிடிக்கிற குறுக்குச் சட்டம்) வெச்சுக்கோங்க.

டை பிளாக்ல ஐபோல்ட் (தலையில வளையம் இருக்கிற போல்ட்) போடுவீங்கன்னா, நேரா மேல இழுத்தா மட்டும்தான் அதுல எழுதியிருக்கிற எடை. கழுத்து இருக்கிற ஐபோல்ட்டே 45 டிகிரி சாய்ஞ்சா கால்பங்குக்கிட்ட வந்துடும். கழுத்து இல்லாததைச் சாய்ச்சு இழுக்கவே கூடாது. மரை முழுக்க இறங்கி கழுத்து பிளாக்ல உட்காரணும், இடைவெளி தெரிஞ்சா வாஷர் போட்டுச் சரி பண்ணுங்க.

கிராவல்ல 12 மீட்டருக்கு ஐஎஸ்எம்சி 150 சேனல் ரெண்டை முதுகு மேல பார்க்க படுக்கப் போடுங்க, அது மேல உருளை. 50 மில்லி சாலிட் ராடு போதும், பைப் நசுங்கிடும். லோடுக்கு அடியில எப்பவும் மூணு உருளை இருக்கணும், முன்னால போட ரெண்டு தயாரா. உருளை கோணிக்கிட்டா சுத்தியால தட்டி நேராக்குங்க, கையையோ காலையோ கொண்டுபோகாதீங்க. விரல் போறது அங்கதான். சின்னச் சரிவு இருந்தாலும் பின்னால ஒரு கயிறு பிடிச்சு ஆள் நிக்கணும். கான்கிரீட்ல மெஷின் ஸ்கேட் செட் (மெஷினுக்கு அடியில வைக்கிற சக்கரக் கட்டை) ஒண்ணு வாங்கிட்டா உருளையே தேவைப்படாது. ஓரத்தைக் கிளப்ப 5 டன் டோ ஜாக்கி ஒண்ணு போதும், கடப்பாரையை விட நிதானமா இருக்கும்.

சங்கிலி_சர்வீஸ்:

செயின் பிளாக் பற்றி மட்டும். ஐஎஸ் 3832 முத்திரை இருப்பதை எடுங்கள். 2 டன் இரண்டு வகையில் வரும்: ஒற்றைச் சங்கிலி, இரட்டைச் சங்கிலி. இரட்டையில் ஒரு கவனம் தேவை. கீழ்க் கொக்கி சங்கிலி வளையத்துக்குள் புகுந்து ஒரு குட்டிக்கரணம் போட்டிருக்கும், பார்த்தால் தெரியாது. கண்ணிகளின் வெல்டு தழும்பு மேலிருந்து கீழ் வரை ஒரே பக்கம் வருகிறதா பாருங்கள். நடுவில் திரும்பினால் முறுக்கு இருக்கிறது. அப்படியே லோடு ஏற்றினால் முறுக்கு மேலே போய் புல்லியில் சிக்கும்.

தூக்கும்போது டிக் டிக் சத்தம் வர வேண்டும், அது பால் (pawl, சக்கரம் பின்னால் சுழலாமல் தடுக்கும் நாக்கு) பல்சக்கரத்தின் பல்லில் விழும் சத்தம். வரவில்லையென்றால் பாலின் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, அல்லது அழுக்கு அடைத்திருக்கிறது. அப்போது லோடு நிற்காது.

பிரேக் தட்டுகள் உலர்ந்திருக்க வேண்டும். சத்தம் வருகிறது, கனமாக இருக்கிறது என்று மூடியைக் கழற்றி உள்ளே ஆயில் ஊற்றுவதுதான் சர்வீஸுக்கு வரும் பிளாக்குகளில் அடிக்கடி பார்க்கும் கோளாறு. ஆயில் சுமைச் சங்கிலிக்கு மட்டும், துணியில் தொட்டு மெல்லியதாக.

2 டன் பிளாக்கை ஒருவர் இழுத்தாலே ஏற வேண்டும். இன்னொரு ஆள் கைகொடுக்க வேண்டியிருந்தால் எடை அதிகம், அல்லது எங்கோ சிக்கியிருக்கிறது. நிறுத்திப் பாருங்கள்.

கொக்கி புதிதாக இருக்கும்போதே வாயின் இரு பக்கமும் சென்டர் பஞ்ச் (கூர்முனை உளி) வைத்து ஒரு புள்ளி குத்தி இடைவெளியை எழுதி வையுங்கள். 10 சதவீதம் விரிந்தால் கொக்கியை மாற்றுங்கள். சூடு காட்டி வளைத்து நேராக்கக் கூடாது.

கணபதி_யார்டு:

அனைவருக்கும் நன்றி. 250 பீம், ஸ்க்ரூ ஜாக் என்று மாற்றிவிட்டேன். இரண்டு சந்தேகம். பழைய இரும்புக் கடையில் 3 டன் என்று சொல்லி ஒரு செயின் பிளாக் கிடைக்கிறது, பெயர்த் தகடு இல்லை. எடுக்கலாமா? கேன்ட்ரி முடிந்ததும் லோடு டெஸ்ட் எப்படிச் செய்வது?

சங்கிலி_சர்வீஸ்:

வேண்டாம். தகடு இல்லாத பிளாக் எவ்வளவு எடை தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. கடையில் கிடைக்கும் வேறு சங்கிலியை மாட்டியிருந்தால் கண்ணி புல்லிக் குழியில் உட்காராமல் லோடில் தாவும்.

டிசைன்_மேஜை:

டெஸ்ட் 125 சதவீதத்துக்கு, அதாவது 2.5 டன். 1250×2500 அளவில் 25 மில்லிமீட்டர் பிளேட் ஒன்று 613 கிலோ. நாலு அடுக்கினால் 2.45 டன், உங்கள் யார்டிலேயே இருக்கும். விளிம்புக்குக் கட்டை கொடுத்து இரண்டு பெல்ட்டில் கட்டுங்கள். தரையிலிருந்து 100 மில்லிமீட்டருக்கு மேல் தூக்க வேண்டாம். முதலில் நடுவில் 10 நிமிடம் நிறுத்தி, பீமின் அடிப்பக்கத்துக்கும் பிளேட்டுக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ட்ராலியை இரண்டு ஓரத்துக்கும் மெதுவாகக் கொண்டுபோங்கள். இறக்கிய பின் பீம் பழைய மட்டத்துக்கே திரும்ப வேண்டும். முட்டு ஆங்கிளின் வெல்டு எல்லாவற்றையும் டை பெனிட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) அடித்துப் பாருங்கள், ஒரு ஸ்ப்ரே செட்டில் முடிந்துவிடும். போல்ட்டுகளை மறுபடி முறுக்குங்கள், முதல் லோடுக்குப் பின் கட்டாயம் கொஞ்சம் தளரும்.

பீமின் இரு பக்கமும் ‘2 டன்’ என்று பெரிதாக எழுதி, ஒரு அடையாள எண்ணும் போட்டு, பதிவேட்டில் ஏற்றுங்கள். தூக்கும் சாதனங்களைத் தகுதியுள்ளவர் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது முழுதாகப் பரிசோதிக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் 29-ஆம் பிரிவிலேயே வைத்தார்கள். ஸ்லிங், ஷேக்கிள், சங்கிலி எல்லாமே அதில் அடக்கம், கேன்ட்ரி மட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

ரிக்கிங்_மேஸ்திரி:

ஒண்ணு விட்டுப் போச்சு. பீம் தலை 4.25 மீட்டர், ஜாக் ஏத்தினா இன்னும் மேல. யார்டுக்குக் குறுக்கே ஈபி சர்வீஸ் ஒயர் போகுதான்னு பாருங்க. போனா கேன்ட்ரி செய்ய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மாத்த மனு கொடுத்துடுங்க. காலி கேன்ட்ரியைத் தள்ளும்போது நாலு பேரும் தரையைத்தான் பார்ப்பாங்க, மேல பார்க்கன்னே தனியா ஒரு ஆள் நிக்கட்டும்.