கூடா (CUDA, என்விடியா கிராஃபிக்ஸ் கார்டில் புரோகிராம் ஓட்டும் முறை): 32×32 பிளாக் வைத்தால் படம் முழுக்கக் கறுப்பு, ஏன்?

கேள்வி:
வணக்கம். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் 1920×1080 படத்துக்கு ஒரு ஃபில்டர் எழுதுகிறேன். பிக்சலுக்கு ஒரு திரெட் (தனித்தனியாக ஓடும் சிறு வேலை), பிளாக் (திரெட்களின் கூட்டம்) 32×32. முதலில் ஒழுங்காக ஓடியது. கெர்னலுக்குள் (ஒவ்வொரு திரெட்டும் ஓட்டும் ஃபங்ஷன்) இன்னும் கொஞ்சம் கணக்கு சேர்த்ததும் படம் முழுக்கக் கறுப்பு. எரர் எதுவும் வரவில்லை. 16×16 ஆக்கினால் ஓடுகிறது! ஒரு பிளாக்கில் 1024 திரெட் வரை வைக்கலாம் என்றுதானே சொல்கிறார்கள்?

பதில் 1:
கெர்னல் தொடங்காமலே போனாலும் கூடா தானாக வாய் திறக்காது, நாம்தான் கேட்க வேண்டும். கெர்னலை அழைத்த அடுத்த வரியில் ‘கூடா கெட் லாஸ்ட் எரர்’ போட்டுப் பாருங்கள். அப்புறம் கம்பைல் செய்யும்போது கம்பைலரின் கடைசிக் கட்டமான பிடிஎக்ஸ் அசெம்ப்ளருக்கு வெர்போஸ் (விவரம் காட்டும்) ஆப்ஷன் கொடுத்தால், திரெட்டுக்கு எத்தனை ரெஜிஸ்டர் (மதிப்புகளை வைக்கும், சிப்புக்குள்ளேயே உள்ள அதிவேக இடம்) போகிறது என்று காட்டும்.

கேட்டவர்:
“டூ மெனி ரிசோர்சஸ் ரிக்வெஸ்டட் ஃபார் லாஞ்ச்” (தொடங்கக் கேட்ட வளங்கள் அதிகம்) என்கிறது. ரெஜிஸ்டர் 72.

பதில் 2:
அதேதான். ஒரு பிளாக் முழுவதும் ஒரே எஸ்எம்முக்குள் (கார்டின் கணக்குப் பிரிவுகளில் ஒன்று) அடங்க வேண்டும். அங்கே இருப்பது 65,536 ரெஜிஸ்டர். 1024 திரெட்டுக்குப் பிரித்தால் ஆளுக்கு 64. உங்களுக்கு 72 வேண்டும், எப்படி நுழையும்?

ரெஜிஸ்டர் போதுமாக இருந்தாலும் 3060-ல் 1024 வேண்டாம். அதன் எஸ்எம் 1536 திரெட் தாங்கும். 1024 வைத்தால் ஒரு பிளாக்தான் உட்காரும், 512 இடம் சும்மா கிடக்கும்.

32×8 வையுங்கள். வார்ப் என்பது ஒன்றாக ஓடும் 32 திரெட். எக்ஸ் பக்கம் 32 இருந்தால் ஒரு வார்ப் ஒரே வரிசையில் அடுத்தடுத்த பிக்சல்களைப் படிக்கும். திருப்பி 8×32 என்று வைத்துவிடாதீர்கள், மெமரி வேகம் அடிவாங்கும்.

கிரிட் (மொத்த பிளாக்குகளின் அடுக்கு) உங்கள் படத்துக்கு 60×135, மிச்சமில்லாமல் வகுபடுகிறது. நாளைக்கே வேறு அளவில் படம் வரும். அதனால் மேல்நோக்கி முழுமையாக்கி வகுத்து, கெர்னலுக்குள் அகல உயரத்தைத் தாண்டிய திரெட்டைத் திருப்பி அனுப்பும் ‘இஃப்’ கட்டாயம் இருக்கட்டும்.

பதில் 1:
ஒரு சேர்க்கை. 72 ரெஜிஸ்டருக்கு 256 திரெட் பிளாக் மூன்றுதான் கொள்ளும், அதாவது 768 திரெட். 32×4 வைத்தால் ஏழு பிளாக், 896 திரெட். இரண்டையும் ஓட்டி நேரம் பாருங்கள்.

கேட்டவர்:
இரண்டும் ஓடுகின்றன, நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ‘லாஞ்ச் பவுண்ட்ஸ்’ (பிளாக்கில் எத்தனை திரெட் வரை வரும் என்று கம்பைலருக்குச் சொல்லும் குறிப்பு) போட்டு ரெஜிஸ்டரை 64-க்குள் அடக்கினால் 32×32-ஐயே வைத்துக்கொள்ளலாமா?

பதில் 2:
ஓடும். ஆனால் ரெஜிஸ்டரில் இடம் கிடைக்காத மதிப்புகளை கம்பைலர் லோக்கல் மெமரிக்குத் தள்ளக்கூடும். லோக்கல் என்று பெயர்தான், இருப்பது கார்டின் பொது மெமரியில். வெர்போஸ் வெளியீட்டில் ‘ஸ்பில்’ என்று, இப்படித் தள்ளியதன் பைட் கணக்கு காட்டினால் அந்த வழியை விட்டுவிடுங்கள். 32×8 போதும்.