அனீல் செஞ்சும் பிளேஞ்ச் ஓரத்துல டிரில் இறங்கலை: எப்ஜி 260 பம்ப் பாடி

பட்டறை_கோவை:
பம்ப் பாடி எப்ஜி 260 கிரேடு சாம்பல் வார்ப்பிரும்பு. உடம்பு 18 மி.மீ., பிளேஞ்ச் ஓரம் 7 மி.மீ. ஓரத்துல டிரில் வெச்சா கிரீச்னு கத்தி முனை நீலமாயிடுது. அனீல் (சூடாக்கி மெதுவா ஆறவிட்டு இளக்குறது) பண்ண ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு அனுப்பினோம். 700 டிகிரியில 3 மணி நேரம் வெச்சு பர்னஸிலேயே ஆறவிட்டிருக்காங்க. உடம்போட கடினம் 207 பிரினெல்லிருந்து 149க்கு இறங்கிடுச்சு. ஓரத்துல மட்டும் இன்னும் அரம் வழுக்குது. உடைச்சுப் பார்த்தா விளிம்பிலிருந்து 3 மி.மீ.க்கு வெள்ளையா மின்னுது. 6 மணி நேரம் வெச்சா சரியாகுமாங்க?

உலோகக்கண்:
ஆகாதுங்க. நேரம் இல்ல, சூடுதான் பத்தலை.

பெர்லைட் என்பது மென்மையான இரும்பும் (பெரைட்) கடினமான இரும்பு கார்பைடும் (சிமென்டைட்) அடுக்கடுக்காக இருக்கும் அமைப்பு; அதில் சிமென்டைட் மெல்லிய தகடு. பக்கத்திலேயே கிராபைட் (தனிக் கார்பன்) இருக்கிறது. கார்பன் கொஞ்ச தூரம் நகர்ந்தால் போதும். அதனால் 700லேயே பெரைட்டாகிவிடும். உங்கள் உடம்பு இளகியது அப்படித்தான். ஓரத்தில் இருப்பது ‘சில்’ (வேகமாகக் குளிர்ந்து கடினமாகிப்போவது) விழுந்த வெள்ளை இரும்பு: உருகிய இரும்பு உறையும்போதே உண்டான தடித்த கார்பைடு. அது உடைய 900க்கு மேல் வேண்டும். மொத்தத்தில், இளக வேண்டாததை இளக்கி, இளக வேண்டியதை விட்டுவிட்டார்கள். எப்ஜி 260க்கு 149 ரொம்பக் குறைவு, அப்படியே சப்ளை செய்யாதீர்கள்.

இன்னும் காப்பாற்றலாம். 600 வரை மணிக்கு 100 டிகிரி வீதம் மெதுவாக ஏற்றி, 920ல் நிறுத்துங்கள். தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் கம்பி) லோடின் நடுவில் இருக்கும் காஸ்டிங்கைத் தொட வேண்டும்; அது 920 காட்டிய பிறகுதான் நேரத்தை எண்ண வேண்டும். 2 முதல் 3 மணி. 950ஐத் தாண்டினால் பாஸ்பரஸ் சேர்ந்த பகுதி உருகத் தொடங்கும்.

ஆறவிடுவதில்தான் கவனம். பர்னஸிலேயே விட்டால் திரும்பவும் பெரைட், திரும்பவும் 150. 920ல் கிராபைட்டிலிருந்து கார்பன் மறுபடி இரும்பில் கரைந்திருக்கும்; வெளியே எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் காற்றில் ஆறவிட்டால் பெர்லைட் திரும்பும், கடினமும் ஏறும். 540 வாக்கில் மீண்டும் பர்னஸில் வைத்து 300 வரை மெதுவாக இறக்குங்கள். இல்லாவிட்டால் 18க்கும் 7க்கும் நடுவே இழுவிசை தங்கி, மெஷினிங்கில் கோணும்.

லேத்மேசை:
போர் (உள்துளை) ஏற்கெனவே கடைஞ்சு முடிச்ச பாடியை இதுல போடாதீங்க. கார்பைடு கிராபைட்டானா காஸ்டிங் பருக்கும், அளவு போயிடும். மேலே செதிலும் கட்டும். மெஷினிங் அலவன்ஸ் (பிறகு கடைஞ்சு எடுக்க விட்டுவெச்ச கூடுதல் கனம்) இருக்குற பாடிக்கு மட்டும்தான் இது.

பட்டறை_கோவை:
நன்றிங்க. கெமிஸ்ட்ரி (சதவீதத்துல): கார்பன் 3.2, சிலிக்கன் 1.6, மாங்கனீஸ் 0.75, சல்பர் 0.03, பாஸ்பரஸ் 0.08, குரோமியம் 0.22.

உலோகக்கண்:
அட, குரோமியம் 0.22ஆ! கார்பைடைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். 2 மணி போதாது, 4 மணி வையுங்கள். முதலில் 2 பாடி போட்டு, ஓரத்தை அறுத்து நைட்டாலில் (நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹால்) அரித்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். கார்பைடு போலவே பெரைட்டும் வெள்ளையாகத்தான் தெரியும். சந்தேகம் வந்தால் அரம் சொல்லிவிடும்.

மணல்பெட்டி:
இனி ஊத்துறதுக்கு: கார்பன் ஈக்விவலன்ட் (கார்பனோட, சிலிக்கன் பாஸ்பரஸ் கூட்டலில் மூணில் ஒரு பங்கைச் சேர்த்தது) 3.76தான் வருது, 7 மி.மீ.க்கு இது சில்லைக் கூப்பிட்டு வைக்கிற மாதிரி. சிலிக்கனை 2.0க்கு ஏத்துங்க. குரோமியம் கலந்த ஸ்கிராப்பைப் பிரிச்சு 0.1க்குக் கீழே கொண்டு வாங்க. சல்பர் 0.03னா இனாகுலன்ட் (கிராபைட் உருவாகத் தூண்டுற சேர்க்கை) சரியா வேலை செய்யாது, 0.06 வேணும். 75% பெரோசிலிக்கன் 0.3%, லேடிலில் (உருகின இரும்பை ஏந்துற பாத்திரம்) தட்டும்போது உலோக ஓட்டத்திலேயே போடுங்க. பத்து நிமிஷம் தாண்டினா அதோட பலன் போயிடும், கடைசி அச்சுப் பெட்டியிலதான் சில் விழும். ஒவ்வொரு லேடிலுக்கும் ஒரு ஆப்பு வடிவ டெஸ்ட் பீஸ் ஊத்தி உடைச்சு, வெள்ளை எவ்வளவு அகலம்னு அளந்துட்டு அப்புறம் ஊத்துங்க. மணல்ல ஈரம் கூடினாலும் ஓரம் வெளுக்கும்.