பழைய ஹோண்டா ஃபிட்டுக்கு வெளி கம்பெனி ஹெட்லைட் போடலாமா?

யாங்கோன் தம்பி:
அண்ணே, ஜப்பான்ல இருந்து வந்த 2003 ஃபிட், ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளாகி ராத்திரி பெகு ரோட்ல ஒண்ணுமே தெரியல, பழைய ஒரிஜினல் வாங்கவா இல்ல டூப்ளிகேட் புதுசு போடவா?

மெக்கானிக்:
விலைய விடு தம்பி, வெளிச்சம் எந்தப் பக்கம் ஏறுதுன்னு பாரு. ஜப்பான் லைட்டு இடப்பக்கம் ஓட்டுற ரோட்டுக்கு செஞ்சது, டிம்ல இடது ஓரத்த தூக்கி அடிக்கும், நம்ம மியான்மர் 1970லயே வலப்பக்கம் ஓட்டுறதுக்கு மாறிடுச்சு, அதனால அது எதிர்ல வர்றவன் கண்ணுலதான் விழும். இதே வண்டி, நம்மள மாதிரி வலப்பக்கம் ஓட்டுற ஜெர்மனியில ஜாஸ்ங்கற பேர்ல ஓடுது, அந்த மாதிரி லைட்டு கேளு.

பெகு அக்கா:
நான் வாங்குன டூப்ளிகேட் லைட்டுல போல்ட் ஓட்டை கொஞ்சம் தள்ளி இருந்துச்சு, இறுக்கி மாட்டப்போயி லைட்ட போல்ட் போட்டு மாட்டுற காது ஒடஞ்சிருச்சு. கடையிலயே பழசோட வெச்சு ஓட்டை, சாக்கெட் ரெண்டும் ஒத்துப் பாருங்க தம்பி.

யாங்கோன் தம்பி:
நன்றி அண்ணே, அக்கா. பழச கழட்டி எடுத்துட்டே போறேன்.